பள்ளி இசை வகுப்புக்குத் தோள் கொடுக்கும் பெற்றோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு ஆண்டுகளாக ஒரு பள்ளியின் இசை வகுப்புக்கான பெற்றோர் குழுவில் இருக்கிறேன். நாற்காலி அடுக்குவதில் தொடங்கினேன், பிறகு கணக்கு எழுதினேன், இப்போது கருவி அலமாரியின் சாவி என்னிடம் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் புதிதாக வரும் பெற்றோர் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைத்துவிட்டேன்.

எனக்கு சரிகம கூடத் தெரியாது. நான் வந்து என்ன செய்யப் போகிறேன்?

உங்களைப் போன்றவர்கள்தான் முதலில் வேண்டும். இசை தெரிந்த பெற்றோர் வகுப்புக்குள் வந்ததும் பாடத்தில் கருத்துச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். தெரியாதவர்கள் நாற்காலியைத் தூக்குகிறார்கள்.

ஒரு நாள் வகுப்பின் பின்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். 45 நிமிட வகுப்பு. அலமாரியைத் திறந்து, கருவிகளை எடுத்துக் கொடுத்து, இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டுகளை விரித்து, வராதவர் பெயரைக் குறித்து, அறுந்த தந்தியைக் கவனித்து, முதல் சுரம் ஒலிக்க 14 நிமிடம் ஆயிற்று. அந்த 14 நிமிடமும் ஆசிரியர் இசை ஆசிரியராக இல்லை. கிடங்குக் காவலராக இருந்தார்.

மறுவாரத்திலிருந்து இரண்டு பெற்றோர் பத்து நிமிடம் முன்னதாக வந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தோம். 14 என்பது 4 ஆகக் குறைந்தது. வகுப்புக்குப் பத்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஆண்டுக்கு 36 வாரம் என்று பெருக்கிப் பாருங்கள்: 720 நிமிடம். அதாவது 16 முழு வகுப்புகள். எந்த நன்கொடையும் இதற்கு ஈடாகாது என்பது என் கட்சி. இதற்குச் சுருதி ஞானம் எதுவும் தேவையில்லை.

குழு தொடங்க வேண்டும் என்றால் முதலில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரையும் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

வேண்டாம். பதவி முதலில் வந்தால் வேலை பின்னால் வராது. முதலில் இசை ஆசிரியரிடம் தனியாகப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்குப் பிடித்த வேலையைச் செய்யவிடாமல் உங்கள் நேரத்தைத் தின்பவை எவை?" அவர் மூன்று விஷயம் சொல்வார். அந்த மூன்றையும் ஒரு பருவத்துக்குள் அவர் கையிலிருந்து எடுத்துவிடுங்கள். குழு தானாக உருவாகிவிடும்.

தலைமை ஆசிரியரின் அனுமதியை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நாளில், எந்த அறையில், எத்தனை பெற்றோர் வருவார்கள் என்பது அதில் இருக்கட்டும். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வெளியாட்கள் நடமாடுவதற்குப் பள்ளிக்கென்று விதிகள் இருக்கும். "நாங்கள் உதவத்தானே வந்தோம்" என்று அந்த விதிகளிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவை உங்கள் பிள்ளைக்காகவும் சேர்த்துத்தான் போடப்பட்டவை.

பணம் கைமாறத் தொடங்கும் நாளில் பொருளாளர் வேண்டும். அதற்கு முன் தேவையில்லை.

எந்தப் பாட்டைப் பாடுவது, யார் தனியாகப் பாடுவது என்பதில் பெற்றோர் கருத்துச் சொல்லலாமா?

கூடாது. ஆசிரியர் கேட்டால் சொல்லலாம். அவர் கேட்பது அபூர்வம், கேட்காமல் இருப்பதற்கு அவருக்குக் காரணமும் இருக்கும்.

குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பணத் தகராறில் உடைந்ததை நான் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். தனிப்பாடலுக்காக உடைந்ததை மூன்று முறை பார்த்துவிட்டேன். ஒரு தாய் இரண்டு ஆண்டுகள் எல்லோரையும்விட அதிகமாக உழைத்தார். மூன்றாம் ஆண்டு விழாவில் தன் மகளுக்குத் தனிப்பாடல் கிடைக்காதபோது, "இவ்வளவு செய்தேனே" என்று ஒரு வார்த்தை சொன்னார். ஒரே வார்த்தைதான். அடுத்த வாரம் ஒத்திகை அறையில் மற்ற பெற்றோர் அவரையும், அவர் ஆசிரியரையும், ஆசிரியர் எங்கள் எல்லோரையும் வேறு கண்ணால் பார்த்தார்கள். பாவம், அந்தப் பெண் குழந்தைதான் கூனிக் குறுகிப் போயிற்று.

முதல் கூட்டத்திலேயே சத்தமாகச் சொல்லிவிடுங்கள்: உழைப்புக்கும் மேடைக்கும் முடிச்சு கிடையாது.

பணம் திரட்டுவதற்குச் சுலபமான வழி எது?

நேரடியாகக் கேட்பது. பலகாரம் விற்பது, சீட்டு விற்பது, பழைய பொருள் விற்பது எல்லாம் மகிழ்ச்சியான நிகழ்ச்சிகள்தான். ஆனால் முப்பது பேர் ஒரு நாள் முழுக்க உழைத்து, பொருள் வாங்கிய செலவைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பல நேரம் சிரிப்புதான்.

கேட்கும்போது எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். "இசை வகுப்புக்கு நிதி தாருங்கள்" என்றால் கைகள் பையைத் தேடாது. "ஆறு வயலின்களுக்குத் தந்தி மாற்ற வேண்டும், நான்கு ஸ்டாண்டுகள் உடைந்திருக்கின்றன, இவ்வளவு ஆகும்" என்று எழுதி ஒட்டுங்கள். வாங்கியதும் வாங்கியதைப் படம் பிடித்து அதே இடத்தில் ஒட்டுங்கள். அடுத்த முறை கேட்பது பாதி எளிதாகிவிடும்.

கணக்கு வழக்கு எப்படி வைத்துக்கொள்வது? நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் நம்புகிறவர்கள்.

நம்பிக்கை நீடிக்க வேண்டும் என்பதற்காகவே கணக்கு. ரொக்கம் வந்த அன்றே, வந்த இடத்திலேயே, உறவினர் அல்லாத இரண்டு பேர் எண்ண வேண்டும். தொகையை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். "வீட்டில் போய் எண்ணிக்கொள்கிறேன்" என்று யாரும் எடுத்துச் செல்லக் கூடாது. அது தலைவராக இருந்தாலும் சரி, நானாக இருந்தாலும் சரி.

பணம் தனிநபர் வங்கிக் கணக்கில் ஒரு நாள்கூடத் தங்க வேண்டாம். குழுவின் பெயரில் கணக்கு, பணம் எடுக்க இரண்டு கையெழுத்து, செலவுக்கு ரசீது. ரசீது இல்லாத செலவைத் திருப்பித் தர மாட்டோம் என்பதைக் கறாராகச் சொல்லுங்கள். காசோலையில் கையெழுத்திடுபவரும் வங்கி அறிக்கையைச் சரிபார்ப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். ஆண்டு முடிவில் வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதி எல்லாப் பெற்றோருக்கும் கொடுத்துவிடுங்கள். குழுவைப் பதிவு செய்ய வேண்டுமா, வரி உண்டா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. அதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

பணம் கொடுக்க முடியாத குடும்பத்தின் பிள்ளையை எப்படிச் சேர்ப்பது?

கேள்வியே வரக் கூடாது. எந்த வகுப்பிலும், எந்தப் பயணத்திலும், எந்த உடையிலும், யார் கொடுத்தார் யார் கொடுக்கவில்லை என்பது பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியக் கூடாது.

எங்கள் ஏற்பாடு இது: கருவிகள் எல்லாம் குழுவின் கருவிகள். பணக்கார வீட்டுப் பிள்ளையும் அதே அலமாரியிலிருந்து, அதே பதிவேட்டில் கையெழுத்திட்டு வாங்கிப் போகலாம். உதவி தேவைப்படுகிறவர் ஆசிரியரிடம் மட்டும் சொன்னால் போதும். அவர் எங்களிடம் பெயர் சொல்ல மாட்டார், "ஒரு முக்கால் அளவு வயலின், ஒரு செட் தந்தி" என்று மட்டும் சொல்வார். நாங்களும் கேட்க மாட்டோம். நன்கொடையாளர் பட்டியலை ஒட்டும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டோம். அதில் இல்லாத பெயர்களைத்தான் எல்லோரும் முதலில் தேடுகிறார்கள்.

கருவியே இல்லை, பணமும் இல்லை. தொடங்க முடியுமா?

குரல் இருக்கிறதே. ஹங்கேரியின் இசையமைப்பாளர் சோல்தான் கோடாய் (1882–1967) இசைக் கல்வியைப் பாடுவதிலிருந்தே தொடங்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். கருவி பிறகு. சேர்ந்திசைக்கு ஒரு அறையும், பாடிக் காட்ட ஒருவரும், கைத்தாளமும் போதும்.

வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ ஆப்ரேயு 1975இல் தொடங்கிய 'எல் சிஸ்தேமா' என்ற இசைக் கல்வி இயக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரிய மேடைகள் வரை பிள்ளைகளைக் கொண்டுபோன இயக்கம் அது. அதில் எனக்குப் பிடித்தது 'காகித இசைக்குழு' என்ற ஏற்பாடு. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு உடனே வயலினைக் கொடுப்பதில்லை. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து காகிதக் கூழிலும் அட்டையிலும் ஒரு வயலின் செய்கிறார்கள். அதை வைத்துக்கொண்டே எப்படிப் பிடிப்பது, எப்படி நிற்பது, எப்படிக் கீழே போடாமல் நடப்பது என்று பழகுகிறார்கள். நாங்களும் ஒரு பருவம் செய்து பார்த்தோம். அட்டை வயலினைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிய பிள்ளை, மரவயலின் கைக்கு வந்ததும் அதைப் பெஞ்சின் மேல் வீசவில்லை.

வீட்டில் தாத்தா காலத்துக் கிளாரினெட் இருக்கிறது. கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா?

நன்றியோடு வாங்கிப் பார்ப்போம், வைத்துக்கொள்வோம் என்று வாக்குத் தர மாட்டோம். பழைய ஊதுகருவிகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்று உலகெங்கும் பெரும்பாலும் ஏற்கப்பட்ட அளவு, ஏ என்ற சுரம் 440 ஹெர்ட்ஸ். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைவிடக் கணிசமாக உயர்ந்த சுருதியிலும் கிளாரினெட்டுகளும் சாக்ஸபோன்களும் செய்தார்கள். அவற்றில் பலவற்றின் உடலில் 'எச்.பி.' என்று பொறித்திருக்கும், உயர் சுருதி என்று பொருள். மற்றவர்களோடு வாசித்தால் ஒட்டவே ஒட்டாது. ஊதுகுழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சமாளிக்கலாம் என்றால், துளைகளின் இடைவெளியே அந்தச் சுருதிக்கு வெட்டப்பட்டது. ஒரு சுரம் சரியாகும், அடுத்தது கோணும். பளபளவென்று துடைத்துக் கொடுத்த அப்படி ஒரு கருவியோடு ஒரு சிறுமி மூன்று மாதம் போராடி, தனக்குக் காது இல்லை என்று முடிவுகட்டியிருந்தாள். கருவியை மாற்றிக் கொடுத்த அன்று அவள் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது.

தானம் கொடுப்பவரிடம் முன்கூட்டியே ஒரு வரி எழுதி வாங்குங்கள்: பயன்படாவிட்டால் திருப்பித் தரவோ, விற்றுப் பழுதுபார்ப்புச் செலவுக்குச் சேர்க்கவோ சம்மதம் என்று.

பிள்ளைக்குச் சொந்த வயலின் வாங்கலாமா, குழுவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா?

வளரும் வரை எடுத்துக்கொள்ளுங்கள். வயலின் பிள்ளையின் கை நீளத்துக்கு ஏற்ப 1/8, 1/4, 1/2, 3/4 என்று பல அளவுகளில் வருகிறது. முழு அளவுக்குப் பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் கை எட்டும். அதற்குள் மூன்று நான்கு முறை மாற்ற வேண்டியிருக்கும். "வளர்ந்துவிடுவான், பெரிதாகவே வாங்கிவிடுவோம்" என்று சட்டைக்குச் செய்வதை இங்கே செய்யாதீர்கள். எட்டாத கருவியை எட்டிப் பிடிக்கும் பிள்ளைக்குத் தோளும் மணிக்கட்டும் தப்பாகப் பழகிவிடும். சுற்றிச் சுற்றி வரும் சின்ன அளவுகளுக்குத்தான் பெற்றோர் குழுவின் அலமாரி பொருத்தமான இடம்.

சின்னச் சின்னப் பழுதுகளை நாங்களே பார்த்துக்கொள்ளலாமா?

துடைக்கலாம், எண்ணெய் விடலாம், எண் ஒட்டலாம். அதற்கு மேல் போகும் முன் என் கதையைக் கேளுங்கள்.

முதல் ஆண்டு, உற்சாகம் கரைபுரண்ட காலம். ஒரு வயலினுக்குத் தந்தி மாற்றுகிறேன் என்று நானே முன்வந்தேன். முறையாகச் செய்வதாக நினைத்து நான்கு தந்திகளையும் ஒன்றாகக் கழற்றினேன். தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டு (அதற்குக் குதிரை என்று பெயர்) சாய்ந்தது, எடுத்து மேசையில் வைத்தேன். துடைக்கலாம் என்று வயலினைத் திருப்பியபோது உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது. எஃப் வடிவத் துளை வழியாகப் பார்த்தால் பென்சில் துண்டு மாதிரி ஒரு குச்சி. ஏதோ பிள்ளை விளையாட்டாகப் போட்டிருக்கிறது என்று நினைத்து, அரை மணி நேரம் குலுக்கி அதை வெளியே எடுத்து, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன்.

அதுதான் சவுண்ட் போஸ்ட். மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே பசை இல்லாமல், தந்திகளின் இழுவிசை தரும் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் மரக்கட்டை. அதிர்வை மேலிருந்து கீழே கொண்டுபோவது அதுதான். பிரெஞ்சு மொழியில் அதற்கு 'ஆன்மா' என்றே பெயர். நான் வயலினின் ஆன்மாவைக் குப்பையில் போட்டவன். புதிதாக வெட்டிப் பொருத்தக் கைதேர்ந்தவரிடம் போக வேண்டியதாயிற்று, செலவு என் பையிலிருந்து.

ஆகவே தந்தியை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒன்றைக் கழற்றி, புதியதைக் கட்டி, இறுக்கிய பிறகே அடுத்தது. டிரம்பெட்டின் வாய்முனை சிக்கிக்கொண்டால் இடுக்கியால் திருகாதீர்கள், அதை இழுக்கவென்றே ஒரு கருவி இருக்கிறது, ஒன்று வாங்கி அலமாரியில் போட்டுவிடுங்கள். மரக்கருவிகளை வெயில் படும் ஜன்னலோரத்திலும், குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் இடத்திலும் வைக்காதீர்கள். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருந்தால் மரம் பேசாமல் இருக்கும்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண், ஒரு படம், பதிவேட்டில் ஒரு வரி. வெளியே போகும் தேதி, வாங்கியவர் பெயர், திரும்பிய தேதி, திரும்பும்போது இருந்த நிலை. இந்தப் பதிவேடு இல்லாத அலமாரி ஒரு ஆண்டில் காலியாகும்.

ஊதுகருவிகளைப் பல பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளலாமா?

கருவியைப் பகிரலாம். வாய்முனை ஆளுக்கொன்று இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒவ்வொருவர் கைமாறும்போதும் வெதுவெதுப்பான நீரிலும் பாத்திர சோப்பிலும் கழுவி உலர்த்த வேண்டும். கொதிநீர் வேண்டாம், கிளாரினெட்டின் கறுப்பு வாய்முனை நிறம் மாறிப்போகும். கிளாரினெட், சாக்ஸபோனின் வாய்முனையில் பொருத்தி ஊதும் நாணல் பட்டையை (ரீட்) யாரும் யாரோடும் பகிரக் கூடாது. பல் துலக்கும் பிரஷ் மாதிரிதான் அது.

வீட்டில் பயிற்சி செய்ய மாட்டேன் என்கிறான். அதட்டலாமா?

அதட்டினால் அன்றைக்கு வாசிப்பான்.

வயலின் கற்பித்தலில் பெயர் பெற்ற ஷினிச்சி சுஸுகி (1898–1998) பெற்றோரை வகுப்பிலேயே உட்கார வைத்தார். தொடக்கத்தில் தாய் அல்லது தந்தை சில பாடங்களைத் தாங்களே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் முறையின் ஒரு பகுதி. பிள்ளை அதைப் பார்த்து, "எனக்கும்" என்று கேட்க வேண்டும். எல்லோராலும் இது முடியாது. ஆனால் இதன் அடிக்கருத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம். நீங்களும் ஒரு முறை வில்லைப் பிடித்து ஒரு நேரான ஒலியை எழுப்பிப் பாருங்கள். வருவது பூனையின் ஓலமாக இருக்கும். அதன் பிறகு "இன்னும் சரியாக வரவில்லையே" என்று பிள்ளையிடம் சொல்ல நாக்கு எழாது.

நடைமுறையில் பலித்தவை: தினம் ஒரே நேரம், சின்ன நேரம். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் நிறையவே. கருவியைப் பெட்டிக்குள் பூட்டி அலமாரி மேல் ஏற்றாமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பயிற்சி முடிந்ததும் "நாளைக்கு அந்த இரண்டாவது வரியைத் திரும்ப வாசித்துக் காட்டு" என்று குறிப்பாக ஒன்று கேளுங்கள். "நன்றாக இருந்தது" என்ற பொத்தாம்பொதுப் பாராட்டு, கேட்கவே இல்லை என்பதன் இன்னொரு வடிவம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

சின்ன அறையில் அத்தனை டிரம்ஸும் டிரம்பெட்டும். காது கெடாதா?

கெடலாம், கவனியுங்கள். 85 டெசிபெல் ஒலியில் எட்டு மணி நேரம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் பாதுகாப்பு எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பொறுத்துக்கொள்ளும் நேரம் பாதியாகும் என்று கணக்கிடுகிறார்கள். 88க்கு நான்கு மணி நேரம், 94க்கு ஒரு மணி நேரம், 100க்குப் பதினைந்தே நிமிடம். மூடிய அறையில் டிரம்ஸ் எளிதாக 100ஐத் தொடும்.

கைபேசிச் செயலியில் அளப்பது துல்லியமில்லை, ஆனாலும் உரத்த குரலில் கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிறது என்றால் அளக்கவே தேவையில்லை. பெற்றோர் செய்யக்கூடியவை: சுவரில் தடித்த திரை, தரையில் பழைய விரிப்பு, டிரம்ஸை மூலையிலிருந்து நகர்த்துவது, டிரம்ஸ் வாசிப்பவருக்கும் முன்வரிசைப் பிள்ளைகளுக்கும் காதடைப்பான். ஆசிரியருக்கும் ஒன்று கொடுங்கள். அவர் நாள் முழுக்க அந்த அறையில் இருக்கிறார்.

இசைத்தாளை ஒன்று வாங்கி நாற்பது நகல் எடுத்துவிடலாமே?

காப்புரிமை உள்ள பாட்டென்றால் பெரும்பாலான நாடுகளில் அது சட்டமீறல். பள்ளிகளுக்குச் சில சலுகைகள் இருக்கலாம், ஆசிரியரைக் கேளுங்கள். காப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி படைத்தவரின் வாழ்நாளும் அதன் பின் குறைந்தது 50 ஆண்டும் உரிமை உண்டு. பல நாடுகள் இதை 70 ஆண்டாக நீட்டியிருக்கின்றன. நூறாண்டுப் பழைய மெட்டே ஆனாலும், சென்ற ஆண்டு ஒருவர் அதைச் சேர்ந்திசைக்கு அமைத்திருந்தால் அந்த அமைப்புக்குத் தனி உரிமை.

விழாவைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுவது வேறு தலைவலி: பாட்டின் உரிமை ஒரு பக்கம், மற்ற பிள்ளைகளின் முகம் இன்னொரு பக்கம். உங்கள் பிள்ளையின் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் பெற்றோர் சம்மதிக்காமல் இருக்க நியாயமான காரணம் இருக்கலாம்.

இசைப் பாடவேளையைக் குறைக்கப் போவதாகச் சொல்கிறார்கள். என்ன வாதம் வைப்பது?

முதலில் எதை வைக்கக் கூடாது என்று சொல்கிறேன். "மொஸார்ட் கேட்டால் மூளை வளரும்" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கதையின் வேர் 1993இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஒரு சிறு ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். இடவெளி சார்ந்த ஒரு வகைப் புதிரில் அவர்கள் காட்டிய முன்னேற்றம் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. குழந்தைகள் யாரும் அந்த ஆய்வில் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் இதைத் தெரிந்தவராக இருந்தால் உங்கள் மற்ற வாதங்களும் சேர்ந்தே சரியும்.

கணித மதிப்பெண்ணுக்காக இசை வேண்டும் என்று கேட்டால், "அப்படியானால் கணிதத்துக்கே கூடுதல் வகுப்பு வைத்துவிடலாமே" என்பார்கள். நியாயமான பதில்தான். இசையை இசைக்காகவே கேளுங்கள். கையில் உங்கள் பள்ளியின் எண்களைக் கொண்டுபோங்கள்: எத்தனை பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் இரண்டாம் ஆண்டும் தொடர்கிறார்கள், வகுப்புக்கு வருகை எவ்வளவு, பெற்றோர் தரும் உழைப்பு மாதத்துக்கு எத்தனை மணி நேரம். கூட்டமாகப் போய் முறையிடுவதைவிட மூன்று பேர் நேரம் கேட்டு வாங்கிப் போவது மேல். முடிந்தால் முடிவெடுப்பவரை ஒரு சாதாரண ஒத்திகைக்கு அழைத்து வாருங்கள். விழாவுக்கு எல்லோரும் வருவார்கள், அங்கே கைதட்டல்தான் கேட்கும். தப்பும் தவறுமாகத் தொடங்கி நாற்பது நிமிடத்தில் ஒரு பாட்டு உருப்பெறுவதை அவர் ஒத்திகையில்தான் பார்க்க முடியும்.

விழா நாளில் என்னென்ன வேலை?

நிறைய. முக்கியமானவை மட்டும்: மேடையில் நாற்காலிகள் எங்கே என்று ஆசிரியர் போட்டுக் கொடுத்த வரைபடத்தின் நகல் இரண்டு பேர் கையில். மேடைக்குப் பின்னால் வகுப்புக்கு ஒருவர் வீதம் பெயர்ப் பட்டியலோடு. உபரித் தந்தி, நாணல் பட்டை, துணிக் கவ்வி ஒரு பெட்டியில். (துணிக் கவ்வி எதற்கென்று கேட்காதீர்கள். மின்விசிறிக் காற்றில் இசைத்தாள் பறக்கும்போது தெரியும்.) மேடையேறுவதற்கு இருபது நிமிடம் முன்னால் எல்லோரும் கழிப்பறைக்கு. நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது கருவிகளை எண்ணி உள்ளே வைக்க நான்கு பேர், அவர்களைக் காலையிலேயே பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள். அந்த நேரத்தில் தானாக யாரும் கிடைக்க மாட்டார்கள்.

எல்லா வேலையையும் அதே நான்கு பேர்தான் செய்கிறோம். மற்றவர்கள் ஏன் வருவதில்லை?

ஒருவேளை அந்த நான்கு பேரும் வேலையைக் கொடுக்கத் தெரியாதவர்களாக இருக்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். "யாராவது உதவுங்கள்" என்று பொதுவில் கேட்டால் ஊர்க்குளத்தில் பால் ஊற்றச் சொன்ன கதைதான், எல்லோரும் அடுத்தவர் ஊற்றுவார் என்று இருப்பார்கள். பெயர் சொல்லி, தொடக்கமும் முடிவும் சொல்லிக் கேளுங்கள்: "வியாழன் மாலை நான்கு முதல் நாலரை வரை, தாள்களை அடுக்க வேண்டும், முடியுமா?" இரவு வேலை பார்ப்பவர் பகலில் வர முடியாது, ஆனால் வீட்டிலிருந்தே பதிவேட்டைத் தட்டச்சு செய்யலாம். கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு தந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, உடைந்து கிடந்த பதினோரு ஸ்டாண்டுகளையும் திருகாணி மாற்றி நிமிர்த்திவிட்டுப் போனார். அவரிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை.

பிள்ளை படிப்பை முடித்துப் பள்ளியை விட்டுப் போன பிறகும் குழுவில் இருக்கலாமா?

ஒரு ஆண்டு, கற்றுக்கொடுப்பதற்காக மட்டும். என் மகள் சென்ற ஆண்டு படிப்பை முடித்துவிட்டாள். அலமாரிச் சாவிக்கு இரண்டாம் வகுப்புப் பையனின் தாய் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். சென்ற வாரம் அவரே ஒரு வயலினுக்குத் தந்தி மாற்றினார், ஒவ்வொன்றாக. பதிவேட்டில் என் கையெழுத்து புரியவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். உட்கார்ந்து முழுவதையும் திரும்ப எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.